இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் ஐன்ஸ்டீன் உட்கார்ந்திருக்கிறார், தெரியுமா?

கரண்ட் போன அடுத்த நொடியும் உங்கள் வீட்டு ஃபேன் நிற்காமல் சுற்றுகிறதே, அதற்கு யார் காரணம் தெரியுமா? இன்வெர்ட்டர் விற்ற கடைக்காரர் இல்லை. ஐன்ஸ்டீன்!

சும்மா சொல்லவில்லை. வீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் கேட்கிறதே, அது ஈய-அமில பேட்டரி. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த சரக்கு. அதில் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆறு செல்லைக் கோத்தால் 12 வோல்ட் பேட்டரி. இதுவரை ஐ.டி.ஐ. படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களும் சொல்லாதது ஒன்று உண்டு: அந்த 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் வருகிறது! ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அந்த இழுப்பில் மாட்டிய உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தில் பாதிக்கும் மேலாகப் பறக்கின்றன. அந்த வேகத்தில் நியூட்டன் கணக்கு எடுபடாது, ஐன்ஸ்டீன் கணக்குதான் செல்லும். ஐன்ஸ்டீனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு செல்லுக்கு அரை வோல்ட்கூடத் தேறாது. ஃபேன் எங்கே சுற்றுவது?

இதைக் கண்டுபிடிக்க யாராவது பேட்டரியை உடைத்தார்களா? இல்லை. 2011இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ராஜீவ் அஹுஜாவும் பின்லாந்தின் பெக்கா பியூக்கோவும் சகாக்களும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். சார்பியல் உண்டு என்று வைத்து ஒரு தடவை, இல்லை என்று வைத்து இன்னொரு தடவை. யோசித்துப் பாருங்கள், எந்த ஆய்வுக்கூடத்தில் ஐன்ஸ்டீனின் விதியை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியும்? சிமுலேஷனில் முடியும். பேட்டரி பிறந்து 152 ஆண்டு கழித்து அது ஏன் வேலை செய்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது! (பாதரசம் ஏன் திரவமாக இருக்கிறது என்பதற்கும் இதே ஆசாமிதான் காரணம். சார்பியல் மட்டும் இல்லையென்றால் பாதரசம் இப்போது உருகுவதைவிட 105 டிகிரி மேலே போய்த்தான் உருகும் என்கிறது 2013இல் வந்த ஒரு கணக்கு. அப்படியானால் அந்தக் காலத்துத் தெர்மாமீட்டருக்குள் இருந்திருக்க வேண்டியது ஒரு திடக் கம்பி!)

இந்தக் கணக்குக்குத் தம்பி முறையாகிற கணக்குகளை இன்று பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் போடுகிறாள். அதுதான் இந்தக் கட்டுரையின் நிஜமான அதிசயம். ஏன் அதிசயம் என்பது கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும்.

ஓர் ஆக்சிஜன் அணுவை முழுதாக எழுதிவைக்க எவ்வளவு இடம் வேண்டும், சொல்லுங்கள். எட்டே எட்டு எலக்ட்ரான். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள், ஆக மொத்தம் 24. ஒவ்வொரு எண்ணுக்கும் வெறும் பத்துப் பத்துப் புள்ளி போதும் என்று கஞ்சத்தனமாக வைத்துக்கொண்டாலும், அட்டவணையில் 1-க்குப் பின்னால் 24 சைபர் போட்ட அத்தனை கட்டங்கள்! ஒரு கட்டத்துக்கு எட்டு பைட் என்று வையுங்கள். உலகத்தின் 800 கோடிப் பேரும் தலைக்கு ஆயிரம் ஹார்டு டிஸ்க் வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு டெராபைட்! ஒரே ஓர் அணுவுக்கு இந்தக் கதி. 1926இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்ததோடு விதி தெரிந்துவிட்டது, இனி வேதியியல் முழுக்க வெறும் கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க முடியாது என்று 1929லேயே டிராக் எழுதிவிட்டார். விதியைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனவர் வால்டர் கோன். இவர் கதையைச் சினிமாவாக எடுத்தால் நம்ப மாட்டீர்கள். 1923இல் வியன்னாவில் பிறந்த யூதப் பையன். 1939இல் குழந்தைகளை ஏற்றி வந்த மீட்பு வண்டிகளில் ஒன்றில் தப்பி இங்கிலாந்து வந்தார். பெற்றோர் பின்னால் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்த பையனை இங்கிலாந்து என்ன செய்தது தெரியுமா? எதிரி நாட்டுக்காரன் என்று பிடித்துக் கப்பலேற்றிக் கனடா முகாமில் அடைத்தது! முகாமில் மரம் வெட்டும் வேலை, நாளுக்கு 20 சென்ட் கூலி. அந்தக் காசைச் சேர்த்துப் பையன் வாங்கியது இரண்டு புத்தகங்கள்: ஹார்டி எழுதிய கணிதப் புத்தகம் ஒன்று, ஸ்லேட்டர் எழுதிய வேதி இயற்பியல் ஒன்று. விடுதலையாகி டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தார். ஆனால் வேதியியல் கட்டடத்துக்குள் போர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எதிரி நாட்டுப் பையனுக்கு அங்கே அனுமதி கிடையாது. வேதியியல் கட்டடத்தின் வாசற்படியை மிதிக்க விடாத அந்த மாணவருக்கு 1998இல் எதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்?

வேதியியலுக்கு!

1964இல் பாரிசில் ஹோஹென்பெர்க்குடனும், அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் பிறந்த லூ ஜியூ ஷாமுடனும் சேர்ந்து கோன் சொன்னது இவ்வளவுதான். ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனித்தனியாகத் துரத்தாதே. எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தியாக எலக்ட்ரான் கூட்டம் இருக்கிறது என்று மட்டும் பார். திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரும் போலீசுக்கு எதற்கு? எங்கே நெரிசல், எங்கே காலி என்று தெரிந்தால் போதாதா? அடர்த்திக்கு 24 எண்கள் வேண்டாம், மூன்றே போதும். பத்துப் பத்துப் புள்ளி வைத்தால் வெறும் ஆயிரம் கட்டம்! பத்துப் பக்கத் தாளில் அடங்கிவிடும். அடர்த்தி தெரிந்தால் மற்ற எல்லாமே அதற்குள் அடக்கம் என்று நிரூபித்ததுதான் அவர் சாதனை. இந்த அடர்த்திக் கோட்பாடு எவ்வளவு ஓடுகிறது என்றால், உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 ஆய்வுக் கட்டுரைகளை 2014இல் நேச்சர் இதழ் எண்ணிப் பார்த்தபோது அதில் 12 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சரி, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த மாதிரிக் கணக்கை எதை வைத்துப் போட்டார்கள்? பொம்மையை வைத்து! மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்ற அவருடைய இளம் மாணவரும் 1934இல் மெக்கானோ என்கிற குழந்தைகளின் இரும்புப் பட்டை, பல்சக்கரப் பொம்மைப் பெட்டியை வாங்கி, சமன்பாடு தீர்க்கும் யந்திரம் ஒன்றை முடுக்கிவிட்டார்கள். செலவு ஏறக்குறைய 20 பவுண்டு. விடையில் பிழை இரண்டு சதவிகிதம்தான்! அணுவுக்குள் எலக்ட்ரான் அலை எப்படி இருக்கும் என்று அந்தப் பொம்மை வரைந்து காட்டியது. அதன் ஒரு பகுதி இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே ஹார்ட்ரீக்கு இன்னொரு கணிப்பொறி இருந்தது: ஓய்வு பெற்ற அவர் அப்பா வில்லியம்! மகனுக்காகப் பெரியவர் மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டார், அதுவும் ஆசையாக. எந்த அப்பா செய்வார்?

ஹார்ட்ரீ முறையின் உயிர்நாடி ரசத்துக்கு உப்புப் பார்ப்பது மாதிரி. எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து மின்புலம். மின்புலத்தைப் பொறுத்து எலக்ட்ரான்கள் இருக்கும் இடம். எதை முதலில் பிடிப்பது? குத்துமதிப்பாக ஒன்றைப் போடு, ருசி பார், திருத்து, மறுபடி பார். இனிமேல் கை வைக்க வேண்டியதில்லை என்கிற நிலை வரும்வரை விடாதே. அந்தச் சுழற்சி இன்றைய மென்பொருள்களிலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் வேலையை மட்டும் புராசஸர் எடுத்துக்கொண்டது.

கணக்கு முன்னால் போய்ப் பொருள் பின்னால் வந்த கதைகளும் உண்டு. பென்சிலுக்கு வாருங்கள். பென்சில் கரியை ஓர் அணு கனத்துக்குச் சீவினால் எலக்ட்ரான்கள் அதில் எப்படி ஓடும் என்று கனடாவில் ஃபிலிப் வாலஸ் கணக்குப் போட்டது 1947இல். அப்படி ஒரு தாள் கைக்குக் கிடைக்கும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். அணு உலைக்கான கிராஃபைட்டைப் புரிந்துகொள்ளப் போட்ட கணக்கின் முதல் படி அது. 57 ஆண்டு கழித்து, 2004இல், செலோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து அந்தத் தாளை நிஜமாகவே எடுத்துக் காட்டினார்கள் கெய்மும் நோவோசெலோவும். எந்த ஊரில்? அதே மான்செஸ்டரில்! அதுதான் கிராஃபீன், 2010இன் நோபல்.

அழுகின முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு கதை இன்னும் வேகம். அதைக் கடுமையாக நசுக்கினால் 200 கெல்வின் பக்கத்தில், அதாவது பூஜ்ஜியத்துக்கு 70 டிகிரி கீழே, மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகும் என்று 2014இல் சீனாவில் ஒரு குழு கம்ப்யூட்டரில் கண்டது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழு இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து, வளிமண்டலத்தைப் போலப் பதினைந்து லட்சம் மடங்கு அழுத்தத்தில் நசுக்கிப் பார்த்தது. 203 கெல்வின்! கணிப்பு இப்படிப் பலிக்கும் என்றால் ஜோசியக்காரர்கள் கடையை மூட வேண்டியதுதான்.

இனி மொட்டை மாடி. உங்கள் சோலார் பேனல் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஏன் மின்சாரமாக்குவதில்லை தெரியுமா? மட்டமான சரக்கு என்று திட்டாதீர்கள். கண்டக்டர் கறார்! பத்து ரூபாய் டிக்கெட் என்று வையுங்கள். ஏழு ரூபாய் நீட்டினால் வண்டியில் ஏற்ற மாட்டார். ஐம்பது ரூபாய் நீட்டினால் ஏற்றுவார், ஆனால் பாக்கி தர மாட்டார். அந்த டிக்கெட் விலைதான் ஒரு குறைகடத்தியின் ஆற்றல் இடைவெளி. சிலிக்கானுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதற்குக் குறைந்த ஆற்றலோடு வரும் ஒளித்துகள் பேனலுக்குள் புகுந்து வெளியே போய்விடும். கூடுதலாகக் கொண்டுவந்தால் மிச்சமெல்லாம் வெறும் சூடு. இந்தக் கறார்க் கணக்கை 1961இல் ஷாக்லியும் குவைசரும் போட்டார்கள். சூரிய ஒளியின் இன்றைய அளவீட்டை வைத்துப் பார்த்தால், ஒரே அடுக்கு செல்லுக்கு உச்சவரம்பு சுமார் 33.7 சதவிகிதம்.

கண்டக்டர் போக இன்னொரு கொள்ளையும் உண்டு, அது யாரும் எதிர்பார்க்காதது. ஒளியை உறிஞ்சத் தெரிந்த பொருளுக்கு ஒளியைத் திருப்பி உமிழாமல் இருக்க முடியாது. சோலார் பேனலும் எல்.இ.டி. பல்பும் பங்காளிகள்! இருட்டில் ஒரு பேனலுக்குள் கரண்ட்டைச் செலுத்தினால் அது நிஜமாகவே மின்னும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்தான். ஆனால் கேமராவுக்குத் தெரியும். எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பேனல்களைச் சோதிப்பதே இப்படித்தான்.

எங்கள் தெருவில் இ.சி.இ. கடைசி ஆண்டுப் பையன் ஒருவன். புராஜெக்டுக்கு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பர்கெல்மன் குழு எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஸ்காப்ஸ் மென்பொருளில் சோலார் செல் செய்துகொண்டிருந்தான். அடுக்கின் கனம், இடைவெளி, மாசு அளவு என்று கட்டங்களை நிரப்பினால் திறன் வந்து விழும். ஒருநாள் ராத்திரி ஓடி வந்தான். "அங்கிள், 41 பர்சன்ட்! உலக ரெக்கார்டு!" எனக்குக்கூட ஒரு நிமிஷம் புல்லரித்தது. மறுநாள் அவனுடைய மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "ரேடியேட்டிவ் ரீகாம்பினேஷன் கட்டத்தில் என்னப்பா போட்டிருக்க?" சைபர். திருப்பி உமிழவே உமிழாத ஒரு செல்லைப் பையன் படைத்திருக்கிறான்! பிரபஞ்சத்தில் இல்லாத பொருள். கட்டத்தில் சரியான எண்ணைப் போட்டதும் 41 இறங்கி 26இல் வந்து நின்றது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அந்த 26ஐ வைத்து எழுதிய ரிப்போர்ட்டில் அவனுக்கு நல்ல மார்க். உலக சாதனை போனதில் அவனைவிட எனக்குத்தான் வருத்தம் அதிகம்.

உண்மையான சாதனை வேண்டுமா? 1954இல் பெல் ஆய்வகத்தின் முதல் நல்ல சிலிக்கான் செல்லின் திறன் 6 சதவிகிதம். அது 26ஐத் தாண்ட அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பெரோவ்ஸ்கைட் என்ற புதுச் சரக்கு 2009இல் ஜப்பானில் 3.8 சதவிகிதத்தில் தொடங்கியது. பதினைந்தே ஆண்டில் 26ஐத் தாண்டிவிட்டது! அதைச் சிலிக்கான் மேல் அடுக்கினால் இரண்டு கண்டக்டர்: மேலே இருப்பவர் பெரிய நோட்டை வாங்குவார், கீழே இருப்பவர் சில்லறையை. அந்த ஜோடி 34 சதவிகிதத்தையே தாண்டியாயிற்று. (பெயர் மட்டும் பழசு. 1839இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு ரஷ்யப் பிரபு பெரோவ்ஸ்கியின் பெயரை வைத்தார்கள். அவருக்கும் வெயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

அடுத்தது, என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே ருசியான கதை. இன்று உலகத்தில் எந்தச் சிப்பும் ஃபேக்டரிக்குப் போவதற்கு முன்னால் ஸ்பைஸ் என்ற மென்பொருளிலோ அதன் வாரிசு ஒன்றிலோ ஓடிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அந்த ஸ்பைஸ் எங்கே பிறந்தது? வகுப்பறையில்! 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் ரான் ரோரர் என்ற பேராசிரியர் வகுப்புக்குள் நுழைந்து, இந்த முறை பாடம் கிடையாது, நீங்கள் எல்லாரும் சேர்ந்து சர்க்யூட் சிமுலேட்டர் ஒன்று எழுதுகிறீர்கள் என்றார். பரீட்சை? எழுதியதைக் கொண்டுபோய் டொனால்ட் பீடர்சனிடம் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் அத்தனை பேரும் பாஸ். ஆட்டாவிட்டால் அத்தனை பேரும் ஃபெயில்! பீடர்சன் லேசில் மசிகிற ஆள் இல்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தான் பின்னால் ஸ்பைஸை எழுதிய லாரி நேகல். (இவர்கள் மேற்படிப்பு மாணவர்கள், இளங்கலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வகுப்பு வேலை வகுப்பு வேலைதானே!) எல்லாரும் பாஸ்.

அந்த மென்பொருளுக்கு வைத்த பெயர் கேன்சர்! விரித்துச் சொன்னால் அதில் 'கதிர்வீச்சு நீங்கலாக' என்று வரும். அந்தக் காலத்தில் ராணுவப் பணத்தில் எழுதிய சிமுலேட்டர்கள் எல்லாம் அணுகுண்டு வெடித்தால் சர்க்யூட் தாங்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் அதைச் செய்ய மாட்டோம் என்று பெயரிலேயே குத்தல். வியட்நாம் போர் நேரத்து பெர்க்கிலி அல்லவா! அந்தப் பெயரோடு எவ்வளவு நாள் குப்பை கொட்டுவது? அடுத்த வடிவம் ஸ்பைஸ் ஆனது. 1973இல் கனடாவின் வாட்டர்லூவில் உலகத்துக்குக் காட்டினார்கள். பீடர்சன் அதற்குக் காசு வாங்கவில்லை, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். அந்தத் தாராளத்தின் பேரப்பிள்ளை இன்று நம் ஊரிலும் இருக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயின் இலவச ஈசிம் மென்பொருளுக்கு உள்ளே ஓடுவது பெர்க்கிலி வழிவந்த என்ஜிஸ்பைஸ். அதை மேம்படுத்தக் கோடை விடுமுறையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் பி.இ., பி.டெக். பிள்ளைகள்.

பட்டப்படிப்புப் பிள்ளைகளை ஆராய்ச்சியில் இறக்கலாமா என்று முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. எம்.ஐ.டி.யில் மார்கரெட் மெக்விகர் 1969இல் அதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் கோடைக்காலத்தில் காசு கொடுத்தே கூப்பிடுகிறது. பர்டூ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய நானோஹப்பில், கோடைக்கு வந்த இளங்கலை மாணவர் எழுதிய சிமுலேஷனை அவர் ஊர் திரும்பிய பிறகும் யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் பிரவுசரில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

காரைக்குடிக்கும் இதில் பங்கு உண்டு, தெரியுமா? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953இல் திறக்கப்பட்டது அங்கே உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நம் வாயில் செக்ரி. அதற்குள்ளேயே பி.டெக். வகுப்பு நடக்கிறது. அங்கே படித்துவிட்டுப் போனவர் வெங்கட் சுப்ரமணியன், இன்று ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். லித்தியம் பேட்டரிக்குள் நடப்பதை 1993இல் பெர்க்கிலியில் டாயில், ஃபுல்லர், நியூமன் மூவரும் சமன்பாடாக எழுதினார்கள். நுண்ணிய உருண்டைகளுக்குள் லித்தியம் ஊர்ந்து நுழைவது, நடுவில் உள்ள திரவத்தில் நீந்துவது, எல்லாம் அதில் உண்டு. அருமையான சமன்பாடுகள், ஆனால் தீர்க்க நேரம் பிடிக்கும். ஓடுகிற வண்டியில் பேட்டரியைக் கண்காணிக்கும் சின்னச் சிப்புக்கு அவ்வளவு பொறுமை ஏது? சுப்ரமணியன் குழு கணிதத்தைத் திருகி மாற்றி எழுதி, அதை மில்லிவிநாடிக் கணக்குக்குக் கொண்டுவந்தது! கண் இமைப்பதற்குள் பேட்டரியின் ஒரு முழு டிஸ்சார்ஜ்!

கம்ப்யூட்டர் சொன்னதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு உலகமே ஆடிய கூத்து ஒன்றும் நடந்தது. 2023 ஜூலையில் கொரியாவில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றார்கள். சில நாளில் பெர்க்கிலியின் சினேட் கிரிஃபின் அடர்த்திக் கணக்கு ஒன்றை வெளியிட்டார். அதில் மீக்கடத்திகளில் அவ்வப்போது காணப்படும் ஒரு தட்டையான ஆற்றல் பட்டை இருந்தது. அவர் சொன்னது அவ்வளவே. படித்தவர்கள் 'நிரூபணம்!' என்று குதித்தார்கள். ஆகஸ்டு பாதியில் குட்டு உடைந்தது: மின்தடை திடீரென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே கலந்திருந்த செம்பு சல்ஃபைடு அழுக்கு.

இப்போது ஹாஸ்டல் கட்டிலுக்குத் திரும்புவோம். நம் பெண்ணின் லேப்டாப்பில் குவாண்டம் எஸ்பிரெசோ ஓடுகிறது. பெயரைப் பார்த்தாலே ஊர் தெரியும், இத்தாலியில் வளர்ந்தது, அதுவும் காபிக்குப் பேர்போன ட்ரியெஸ்டேயில். காபிக்குக் காசு உண்டு, இதற்குக் கிடையாது. முதல் பாடம் எப்போதும் சிலிக்கான்தான். ஒரு படிகத் துண்டில் கோடானுகோடி அணு. எத்தனை அணுவைப் போட வேண்டும்? இரண்டே இரண்டு! படிகம் கோலத்தின் புள்ளி மாதிரி திரும்பத் திரும்ப வருவது. ஒரு கட்டம் தெரிந்தால் வாசல் முழுக்கத் தெரிந்த மாதிரி. இந்தத் தேற்றத்தை 1928இல் முனைவர் பட்ட ஆய்வில் எழுதியபோது ஃபெலிக்ஸ் பிளாக்குக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. அந்த இரண்டு அணுவிலும் ஆளுக்கு 14 எலக்ட்ரான். அதில் உள்ளே முடங்கிக் கிடக்கும் பத்தை ஓரங்கட்டிவிட்டு வெளியே உள்ள நான்கை மட்டும் பார்த்தால் போதும்.

அப்புறம் வருகிறது 'கட்-ஆஃப்'! கவுன்சலிங்கோடு அந்தத் தொல்லை முடிந்தது என்று நினைத்த பிள்ளைக்கு இங்கேயும் ஒரு கட்-ஆஃப். எவ்வளவு நுணுக்கமான அலைகள் வரை கணக்கில் சேர்ப்பது என்ற எல்லை. குறைத்து வைத்தால் விடை தப்பு, கூட்டி வைத்தால் லேப்டாப் தோசைக்கல். 20 ரிட்பெர்க், 30, 40 என்று ஏற்றி ஏற்றி ஓட்டி, இனி விடை அசையாது என்கிற இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். இளங்கலை ஆராய்ச்சியில் பாதி நாள் இதிலேதான் போகும். வெளியே சொன்னால் கவர்ச்சியாக இருக்காது. ஆனால் எங்கள் தெருப் பையனின் 41ஐயும் 26ஐயும் பிரிக்கிற வித்தை இதே குடும்பம்தான்.

எண்டர் தட்டினால் சில நொடியில் விடை. சிலிக்கான் அணுக்களின் கட்டம் 5.43 ஆங்ஸ்ட்ராம் என்று ஆய்வுக்கூட அளவை ஒட்டி வந்து நிற்கும். பிரமாதம்! அதே கையோடு ஆற்றல் இடைவெளியைக் கேட்டால்? 1.12 வர வேண்டிய இடத்தில் அதில் பாதிதான் வரும். கோட்பாட்டின் எளிய வடிவத்துக்குப் பிறவிக் கோளாறு அது. சரி, ஜெர்மானியத்தைக் கேளுங்கள். அது உலோகம் என்று சொல்லும்! 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் உலகத்தின் முதல் டிரான்சிஸ்டரைச் செய்தது எதில்? அதே ஜெர்மானியத்தில். இந்தக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் டிரான்சிஸ்டரே இல்லை, அந்தக் கணக்கைப் போட லேப்டாப்பும் இல்லை.

இதைவிட வேடிக்கை பெரோவ்ஸ்கைட். சோலார் செல்லுக்கான மெத்தில் அமோனியம் லெட் அயோடைடுக்கு அதே எளிய கணக்கைப் போட்டால் 1.6 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. ஆய்வுக்கூட அளவும் கிட்டத்தட்ட அதுவே! ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். அப்புறம்தான் ஒருவர் கவனித்தார், இதில் இருப்பது ஈயம். இன்வெர்ட்டருக்குள் பார்த்தோமே, அதே ஈயம், அதே 82 புரோட்டான். ஐன்ஸ்டீனைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்தார்கள். இடைவெளி ஏறக்குறைய 1 எலக்ட்ரான் வோல்ட் சரிந்து விழுந்தது! உண்மையைக் கூட்டியதும் விடை கெட்டுப்போயிற்று. நடந்தது இதுதான்: எளிய கோட்பாடு இடைவெளியைக் குறைத்துச் சொல்லும், சார்பியலை மறந்தால் இடைவெளி கூடிப்போகும். இரண்டு தப்பும் தோளில் கைபோட்டுக்கொண்டு சரியான விடைக்கு வந்து நின்றிருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகத் திருத்த இன்னும் கனமான கணக்கு வேண்டும், அதற்கு ஹாஸ்டல் லேப்டாப் பத்தாது.

குவாண்டம் எஸ்பிரெசோ ஒவ்வொரு கணக்கையும் முடித்தபின் கடைசி வரியில் 'ஜாப் டன்' என்று அச்சடிக்கும். ராத்திரி ஒரு மணிக்கு அதைப் பார்த்தால் யாருக்கும் கைதட்டத் தோன்றும். நம் பெண் தட்டவில்லை. ஜெர்மானியத்தை உலோகம் என்று சொன்ன அன்றைக்கும் அது 'ஜாப் டன்' என்றுதான் அச்சடித்தது.